பரம்பிக்குளத்துக்கு ஒரு பிரயாணம்

"புலி பார்க்கப் போகலாமா?" என்று ஒரு குடும்பத் தலைவன் வாய் தவறிக் கேட்டுவிட்டால், அன்றோடு அந்த வீட்டின் அமைதி போயிற்று என்று வைத்துக் கொள்ள வேண்டியதுதான். சென்ற ஜூன் மாதத்தில், பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்தில், நான் அந்தத் தவற்றைச் செய்தேன். என் பெண்ணுக்கு வயது பதினொன்று. மறுநாள் காலையில் அவள் ஒரு புதிய நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் "புலி" என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே இரட்டைக் கோடு போட்டு, பாக்கிப் பக்கம் முழுவதையும் காலியாக விட்டிருந்தாள். பார்த்துவிட்டு வந்து நிரப்புவதற்காம்!

நான் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறவன். ஆகையால் எதையும் ஆண்டு போட்டு ஆரம்பித்தால்தான் எனக்கு மனம் நிம்மதிப்படும். 1973-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் தேதி இந்திய சர்க்கார் புலிப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது நாடெங்கும் ஒன்பது காப்பகங்களே இருந்தன. இன்று ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன. 2006-இல் எடுத்த கணக்கில் தேசம் முழுவதற்கும் சுமார் 1,411 புலிகள்தாம் தேறின. 2022-ஆம் வருஷத்துக் கணக்கின்படி அத்தொகை சுமார் 3,682. இவ்வளவு புலிகள் இருக்கும்போது ஒரே ஒரு புலி நம் கண்ணில் படக் கூடாதா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

ஆனால் எந்தக் காட்டுக்குப் போவது? ரண்தம்பூர், பாந்தவ்கர், கான்ஹா, தாடோபா என்று வடக்கே கீர்த்தி பெற்ற காடுகள் பல உண்டு. என் சகோதர ஆசிரியர் ஒருவர் அப்படிப்பட்ட பிரபலமான காடு ஒன்றுக்குப் போய்த் திரும்பியவர். அதன் பெயரைச் சொல்லவேண்டாம். "புலியைப் பார்த்தீர்களா?" என்று விசாரித்தேன். "பார்த்தேன், ஸார். புலிக்கு இந்தப் பக்கம் பத்து ஜீப், அந்தப் பக்கம் பத்து ஜீப். ஜீப்புக்கு ஆறு பேர். அத்தனை பேர் கையிலும் காமிரா. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைப் பார்த்த மாதிரி இருந்தது" என்றார். புலி என்ன செய்தது என்று கேட்டதற்கு, "கொட்டாவி விட்டது" என்றார்.

அடுத்தபடியாக, எங்கள் ஊரில் பிரயாண ஏற்பாடு செய்து கொடுக்கும் ஒருவரை நாடினேன். அவர் கணக்குப் பார்த்துத் தொகையைச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் புலி தரிசனம் நிச்சயம்" என்றார். கோயில்களில் விசேஷ தரிசனத்துக்குச் சீட்டு உண்டு. காட்டிலுமா என்று எண்ணி எழுந்து வந்துவிட்டேன். நேயர்களுக்கு நான் சொல்லக் கூடிய முதல் யோசனை இதுதான்: புலிக்கு உத்தரவாதம் கொடுக்கிற மனிதரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இவ்வளவையும் என் தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருந்தார். அவருக்கு வயது எண்பத்திரண்டு. ஒரு நாள் மாலை, நான் வரைபடத்தை விரித்து வைத்துக் கொண்டு தவிப்பதைக் கண்டு, "பரம்பிக்குளத்துக்கே போலாமேப்பா" என்றார்.

அவர் பரம்பிக்குளம் என்று சொன்னதற்குக் காரணம் புலி அல்ல என்பது எனக்குத் தெரியும்.

பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தை 1961-ஆம் வருஷம் அக்டோபர் 7-ஆம் தேதி பண்டித ஜவாஹர்லால் நேரு தொடங்கி வைத்தார். மேற்கு நோக்கி ஓடிக் கடலில் விழும் மலையாறுகளை மடக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து வறண்ட பூமிக்குக் கொண்டு வருகிற திட்டம் அது. என் தகப்பனார் 1963-இல், இருபது வயதுப் பிள்ளையாக, அங்கே அளவைச் சங்கிலி பிடிக்கும் வேலையில் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் அந்தக் காட்டில் இருந்தார். மலைக்காய்ச்சல் இரண்டு தடவை வந்தது. கூட வேலை செய்த சிநேகிதர் ஒருவரை அதே காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். 1967-இல் அணை முடிந்ததும் கீழே இறங்கி வந்தவர், பின்னர் ஒரு முறையும் மேலே போகவில்லை. 2022-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள் இரவு, பரம்பிக்குளம் அணையின் மதகு ஒன்று சங்கிலி அறுந்து பெயர்ந்து, தண்ணீர் பிரவாகமாய்ச் சாலக்குடி ஆற்றில் போய்க் கொண்டிருக்கிறது என்று செய்தி வந்தபோது, அவர் விடியும்வரை உறங்கவில்லை.

இப்போது அவருடைய கண்களில் நீரழுத்த நோய் கண்டிருக்கிறது. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல, நேரே உள்ளது தெரியும். பக்கங்களில் உள்ளது தெரியாது. சொட்டு மருந்து, இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாமே தவிர, போனது திரும்பாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அந்தக் குழாயும் வருஷத்துக்கு வருஷம் குறுகிக் கொண்டு வருகிறது.

ஆகவே வடக்கே போகும் யோசனை அன்றே கைவிடப்பட்டது.

பரம்பிக்குளம் ஒரு விசித்திரமான இடம். காடு கேரள ராஜ்யத்தைச் சேர்ந்தது. பாலக்காடு ஜில்லாவுக்கு உட்பட்டது. ஆனால் அதற்கு வண்டிப் பாதை தமிழ்நாட்டின் வழியாகத்தான். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, அங்கிருந்து மலையேறி டாப்ஸ்லிப், அதற்கப்பால் ஆனப்பாடி என்று போக வேண்டும். பாலக்காட்டிலிருந்து வருகிறவர்களும் இப்படித்தான் தமிழ்நாட்டுக்குள் வந்து, தங்கள் ராஜ்யத்துக்கே மறுபடியும் நுழைய வேண்டியிருக்கிறது. அணைகள் கேரள மண்ணில். தண்ணீரும் அணை நிர்வாகமும் தமிழ்நாட்டின் பொறுப்பில். காட்டைக் காப்பவர்கள் மலையாளத்திலும், மதகைக் காப்பவர்கள் தமிழிலும் பேசுகிறார்கள். இவ்வளவு சிக்கலான இடத்துக்குக் கூட்டம் வராதது ஆச்சரியமல்ல. அதுவே அதன் பாக்கியம் என்றும் சொல்லலாம்.

1973-இல் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 2010-இல் புலிகள் காப்பகம். பரப்பு சுமார் 643 சதுர கிலோமீட்டர். ஒட்டினாற்போல் இந்தப் பக்கம் தமிழ்நாட்டின் ஆனைமலைக் காப்பகம் இருக்கிறது. எல்லைக் கோடு மனிதர்களுக்குத்தான். புலி இரண்டு ராஜ்யங்களிலும் பிரஜை.

இனி, திட்டத்துக்கு வருவோம். எங்கள் வீட்டில் பெரிய யுத்தம் நடந்தது தேதியைக் குறித்துத்தான். புலியைப் பார்க்க வேண்டுமானால் கோடை நல்லது. தேக்கு இலை உதிர்ந்து, புதர்கள் காய்ந்து, கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும். தண்ணீர் வற்றிய காலத்தில் விலங்குகள் எல்லாம் நீர்நிலைக்கு வந்தாக வேண்டும். ஆனால் கோடையில் காட்டுத்தீ பயம் உண்டு. சில சமயங்களில் பிரயாணிகளை உள்ளே விடாமல் காட்டையே மூடிவிடுவார்கள். எனவே அம்மாதங்களில் போக விரும்புகிறவர்கள் முதலில் வன இலாகாவை விசாரித்துக் கொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவ மழைக்குப் பின் போனால் காடு பச்சைப் பசேலென்று இருக்கும், அணை நிறைந்திருக்கும், ஆனால் பத்தடி தூரத்தில் யானை நின்றாலும் தெரியாது. அட்டையும் உண்டு.

என் பெண் கோடைக்குக் கட்சி. தகப்பனார் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், "ஐப்பசிக்கு முன்னாலே தண்ணி மேல் மதகு வரைக்கும் நிக்கும்" என்று யாரையும் பாராமல் ஒரு தடவை சொன்னார். எனக்கோ பள்ளிக்கூட விடுமுறையில்தான் நகர முடியும். காலாண்டுப் பரீட்சை முடிந்து அக்டோபர் முதல் வாரத்தில் விடுமுறை வந்தது. "புலி அடுத்த வருஷமும் இருக்கும்" என்று என் மனைவி தீர்ப்புச் சொன்னாள். வாக்கியத்தின் மறு பாதியை அவள் சொல்லவில்லை. குழந்தைகள் நாம் நினைப்பதைவிடக் கெட்டிக்காரர்கள். என் பெண் அன்று மாலையே நோட்டுப் புத்தகத்தில் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி "அணை" என்று எழுதிவிட்டாள்.

தங்குவதற்கு வன இலாகாவே கூடாரங்களும் மரத்தின் மேல் கட்டிய வீடுகளும் வைத்திருக்கிறது. எண்ணிக்கை குறைவு. விடுமுறை நாட்களுக்கு இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே இணையத்தின் வழியாகப் பதிவு செய்து கொள்வது உத்தமம். மர வீட்டைக் கண்டதும் குழந்தைகள் குதிப்பார்கள். ஆனால் எண்பது வயதுக்காரர்கள் இருந்தால் ஏணியை நினைத்துக் கொள்ளுங்கள். நாங்கள் ஆனப்பாடியில் கூடாரத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

மூட்டை கட்டுகிற விஷயத்தில் சில வார்த்தைகள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை உடைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மண் நிறமும் இலை நிறமும் நல்லவை. வாசனைத் தைலம், மல்லிகைப் பூ இரண்டும் வேண்டாம். (இதற்கு என் மனைவியின் சம்மதத்தைப் பெற இரண்டு நாள் பிடித்தது.) பிளாஸ்டிக் பை, புட்டி ஒன்றும் கூடாது, சோதனைச் சாவடியில் எடுத்து வைத்துக் கொள்வார்கள். எவர்சில்வர் கூஜாவைத் தூசி தட்டி எடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. அட்டைக்கு உப்பும் வேப்பெண்ணெயும் போதும். எல்லோருடைய அடையாளச் சீட்டும், சில்லறைப் பணமும் வேண்டும். கைத்தொலைபேசி பெரும்பாலான இடங்களில் வேலை செய்யாது. ஆகையால் வீட்டு விலாசங்களையும் வைத்தியரின் எண்ணையும் காகிதத்தில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடி கட்டாயம். இரவல் வாங்கினாலும் சரி.

இரண்டு ராஜ்யங்களின் சாவடிகளிலும் தனித்தனியே கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. சேத்துமடையில் நின்ற காவலர் எங்கள் வண்டியைச் சோதித்துக் கொண்டே தகப்பனாரை நோக்கி, "பெரியவர் முதல் தடவையா?" என்று கேட்டார். "இல்லீங்க. இரண்டாந் தடவை" என்றார் அவர்.

டாப்ஸ்லிப் என்ற பெயரின் காரணத்தைச் சரித்திர ஆசிரியனாகிய நான் சொல்லாமல் விட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கப்பல் கட்டுவதற்காக இந்த மலையின் தேக்கை வெட்டி வெட்டி, உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்டார்கள். மரம் வழுக்கி விழுந்த உச்சிக்கு அதுவே பெயராகி நிலைத்துவிட்டது. ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் துறைக்குப் போய்க் கப்பலாகிக் கடலோடிற்று, மலை மொட்டையாயிற்று. அப்படி மொட்டையான காட்டுக்கு 1915-ஐ ஒட்டி அதிகாரியாக வந்தவர் ஹியூகோ வுட் என்ற ஆங்கிலேயர். அடியோடு வெட்டும் வழக்கத்தை மாற்றி, ஒரு பகுதியை வெட்டினால் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கவிட்டு, பல ஆண்டுகள் அதைத் தொடாமல் வைக்கும் முறையை ஏற்படுத்தினார். நடக்கும்போதெல்லாம் கைத்தடியால் மண்ணைக் குத்தித் தேக்கு விதையைப் போட்டுக் கொண்டே போவாராம். 1933-இல் அவர் காலமானபோது, தாம் வளர்த்த தேக்கு மரங்களுக்கு நடுவிலேயே அவருடைய விருப்பப்படி அடக்கம் செய்தார்கள். ஞாபகச் சின்னம் வேண்டுமென்றால் சுற்றிலும் பார் என்ற கருத்தில் லத்தீன் மொழியில் ஒரு வரி அங்கே பொறித்திருக்கிறது. வெள்ளைக்காரன் வெட்டினான் என்று மட்டும் வகுப்பில் சொல்லி முடித்துவிடுவது எளிது. எனக்கு அந்த வசதியை இந்தக் கல்லறை கெடுத்துவிட்டது.

மறுபுறத்தில், பரம்பிக்குளத்துத் தேக்கைக் கொண்டு போகக் கொச்சி சமஸ்தானத்தார் காட்டுக்குள்ளேயே ஒரு டிராம் ரயில் போட்டார்கள். சாலக்குடியிலிருந்து ஏறக்குறைய 50 மைல். 1907-இல் ஓடத் தொடங்கிப் பின்னர் நின்றுபோயிற்று. செங்குத்தான சரிவுகளில் பாரம் ஏற்றிய வண்டி இறங்குகிற வேகத்தில், கம்பி வடத்தின் மறுமுனையில் கட்டிய காலி வண்டி மேலே ஏறும். என்ன யுக்தி பாருங்கள்! பறவை சாஸ்திர நிபுணர் ஸாலிம் அலி 1933-இல் திருவாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளை ஆராய வந்தபோது இந்தக் காட்டில் குரியார்குட்டியில் தங்கியிருக்கிறார். இப்போது தண்டவாளம் இல்லை.

ஆனப்பாடியில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் காடர் குலத்தைச் சேர்ந்த இளைஞர். இருபத்தைந்து வயதிருக்கலாம். காடர், மலசர், மலமலசர், முதுவர் என்று நான்கு குலத்தார் இந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாய் வாழ்கிறவர்கள். வழிகாட்டும் வேலை இங்கே பெரும்பாலும் அவர்களிடம் இருக்கிறது. இதைப் போன்ற நல்ல ஏற்பாடு வேறில்லை. என் பெண் எடுத்த எடுப்பில், "புலி வருமா?" என்று கேட்டாள். அவர் சிரித்து, "வரும். நாம இருக்கறப்ப வருமான்னுதான் தெரியாது" என்றார்.

பிறகு அவர் விளக்கியதையும் நான் படித்ததையும் சேர்த்துச் சொல்லுகிறேன். ஒரு புலி உயிர் வாழ வருஷத்துக்குச் சுமார் 50 பெரிய இரை விலங்குகள் தேவை. அவ்வளவையும் அது தின்று, மந்தையும் குறையாமல் இருக்க வேண்டுமானால் அந்தப் புலியின் எல்லைக்குள் ஏறக்குறைய 500 மானும் மாடுமாக இருக்க வேண்டும். மத்திய இந்தியாவில் புல்வெளிகளில் புள்ளிமான் ஆயிரக்கணக்கில் மேய்கிறது; புலியும் நெருக்கமாய் இருக்கிறது. மழை மிகுந்த மலைக் காட்டில் இரை அப்படிச் செறிவாயில்லை. ஆகவே ஒவ்வொரு புலியும் பெரிய ஜமீனை ஆள வேண்டியிருக்கிறது. அந்த ஜமீனில் நம் வண்டி போகும் பாதை ஒரு நூலிழை. அதிலும் ஐயா வெளியே வருவது பெரும்பாலும் இரவில். எண்ணுகிறவர்களே அவரை நேரில் பார்ப்பதில்லை. மரத்தில் தானியங்கிக் காமிராவைக் கட்டிவிட்டு வருகிறார்கள். நம் கைரேகையைப் போல, எந்த இரண்டு புலிகளுக்கும் வரிகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. படத்தில் விழுந்த வரிகளை ஒப்பிட்டுத்தான் கணக்கெடுக்கிறார்கள். இந்த முறையை நம் நாட்டில் வளர்த்தவர்களில் முக்கியமானவர் கர்நாடகத்தைச் சேர்ந்த உல்லாஸ் காரந்த்.

மாலை மூன்று மணிக்கு வன இலாகாவின் வண்டி புறப்பட்டது. எங்களோடு இன்னும் இரண்டு குடும்பங்கள்; வழி நெடுக எதிரே வந்த வண்டி ஒன்றே ஒன்று. காட்டெருமைகளை மந்தை மந்தையாகப் பார்த்தோம். கறுத்து மினுமினுக்கும் உடலும், வெள்ளைக் காலுறை போட்டது போன்ற கால்களுமாக அவை நிமிர்ந்து பார்த்தபோது, யாருக்கும் பேச்சு வரவில்லை. மலையணில் ஒன்று மரத்துக்கு மரம் தாவிற்று. இருவாட்சிப் பறவை பறக்கும்போது சிறகிலிருந்து புகைவண்டி மூச்சு விடுவது போல் ஓசை வருகிறது. தகப்பனார் அதைத் தலை நிமிராமலே அடையாளம் கண்டுகொண்டார்.

பாதி வழியில் வழிகாட்டி இளைஞர் வண்டியை நிறுத்தச் சொன்னார். இயந்திரம் அணைந்ததும் காட்டின் சப்தம் காதில் நிறைந்தது. இந்த இடத்தில் இன்னொரு யோசனை: புலிக் காட்டில் கண்ணைவிடக் காது முக்கியம். புலி நடமாடினால் மற்றவை அறிவிக்கும். மயில் எதற்கெடுத்தாலும் கத்தும், அதை நம்புவதற்கில்லை. புள்ளிமான் பயந்த சுபாவம். சருகு அசைந்தாலும் கீச்சிடும். கருமந்தி மரத்தின் மேலிருந்து இருமினால் கவனிக்க வேண்டும். கடமான் இலேசில் வாய் திறக்காது. அது "டாங்க்" என்று வெண்கலத்தைத் தட்டினாற்போல் குரல் கொடுத்தால் சங்கதி நிச்சயம். (என் வகுப்பிலும் இந்த நான்கு வகைப் பிள்ளைகளும் உண்டு.)

நாங்கள் எல்லோரும் நாலா பக்கமும் கண்ணை ஓட்டிக் கொண்டிருந்தோம். தகப்பனார் மட்டும் கண்ணை மூடிக் கொண்டிருந்தார். சட்டென்று விரலை உயர்த்தி, "கடமான்" என்றார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வழிகாட்டி இளைஞர் திரும்பி அவரைப் பார்த்தார். இரண்டாந் தடவை அவருக்கும் கேட்டது. மூன்றாந் தடவை எங்களுக்கும் கேட்டது. இடப்புறத்து மூங்கில் காட்டுக்குள், நெடுந்தூரத்தில். கால் மணி நேரம் காத்திருந்தோம். மூங்கில் அசையவில்லை. கடமான் மேலும் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் சற்றுத் தள்ளித் தள்ளி, குரல் கொடுத்து ஓய்ந்தது. "போயிடுச்சு" என்றார் இளைஞர். என் பெண் தன் பாட்டனாரின் கையைப் பிடித்துக் கொண்டு, "அப்பாரு, நிஜமாவே அது புலிதானா?" என்று கேட்டாள். "கடமான் பொய் சொல்லாது, அம்மணி" என்றார்.

கன்னிமரம் என்னும் தேக்கையும் வழியில் கண்டோம். அடிமரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 7 மீட்டர். வயது நானூறுக்கு மேல் என்கிறார்கள். முன்னொரு காலத்தில் அதை வெட்டக் கோடாலியைப் போட்டபோது இரத்தம் பீறிட்டதாகவும், அதனால் அஞ்சிக் கன்னித் தெய்வமாகக் கும்பிடத் தொடங்கியதாகவும் மலைமக்கள் சொல்லுகிறார்கள். கப்பலுக்கும் டிராமுக்கும் தப்பிய மரம். தகப்பனார் அதன் பட்டையில் இரு கைகளையும் வைத்துச் சிறிது நேரம் நின்றார்.

அணைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. அவர் சொன்னபடியே தண்ணீர் ததும்ப நின்றது. மலைக்கு மலை தொட்டுக் கொண்டு ஒரே நீலம். கைப்பிடிச் சுவரைப் பற்றிக் கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்பி, துண்டு துண்டாகப் பார்த்தார். இந்தத் தண்ணீர் சுரங்கத்தின் வழியே தூணக்கடவு அணைக்குப் போகிறது. அங்கிருந்து மற்றொரு சுரங்கத்தில் சர்க்கார்பதிக்கு இறங்கி, மின்சாரம் உண்டாக்கிவிட்டு, மலையடிவாரத்துக் கால்வாயில் திருமூர்த்தி அணைக்கு ஓடுகிறது. எங்கள் கிராமத்துத் தென்னைக்குப் பாய்கிற தண்ணீரும் இதுதான். நான் பட்டப் படிப்புப் படித்ததும் அந்தத் தென்னையினால்தான். இதை நான் என் பெண்ணுக்குச் சற்றுப் பெருமையாகவே சொல்லிக் கொண்டிருந்தேன் என்று ஒப்புக் கொள்கிறேன்.

அப்போது இளைஞர் சாவதானமாக, நீர்ப்பரப்பின் நடுவே கையைக் காட்டி, "எங்க பாட்டன் குடி அங்கதாங்க இருந்துச்சு" என்றார்.

என் வாய் அடைத்துப் போயிற்று. அவர் குரலில் கோபம் சிறிதும் இல்லை. மலையணில் அதோ என்று காட்டிய அதே குரல்தான். காடர்களை டிராம் ரயிலும் அணைகளும் இடம் பெயரச் செய்தன என்று நானும் படித்திருக்கிறேன். ஆனால் படித்ததற்கும், அணைச் சுவரின் மேல் நின்று கொண்டு கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

தகப்பனார் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "ஓடைக்கு வடகரையில், பெரிய பாறை ஒண்ணு கவுந்த சட்டி மாதிரி இருக்குமே, அதுக்குக் கீழேயா, தம்பி?" என்று கேட்டார்.

இளைஞர் விழித்தார். "பாறை இருந்துச்சுன்னு எங்க பாட்டி சொல்லும். நான் பார்த்ததில்லீங்க, தாத்தா. பார்த்தவங்க யாரும் இப்ப இல்லை" என்றார்.

"நான் பார்த்திருக்கேன்."

அவர் அந்த இடத்தைச் சங்கிலி போட்டு அளந்தவர். பாறைக்கு மேற்கே பலா மரம் இரண்டு. கிழக்கே குடிசைகள்; ஏழோ எட்டோ. ஓடையைக் கடக்க ஒரு மூங்கில் பாலம். காய்ச்சலில் கிடந்தபோது அந்தக் குடியிலிருந்து ஒரு கிழவர் ஏதோ ஒரு பட்டைக் கஷாயமும் தேனும் கொண்டு வந்து கொடுத்தார் என்றார். "அளவு முடிஞ்சு அடுத்த முகாமுக்குப் போயிட்டோம். அப்புறம் அவங்க எங்கே போனாங்கன்னு நான் கேக்கவே இல்லை" என்று சொல்லி நிறுத்தினார்.

வண்டியோட்டி இரண்டு தடவை ஒலி எழுப்பினார். இருட்டுவதற்குள் திரும்பியாக வேண்டும் என்பது விதி. இளைஞர் நகரவில்லை. "பாலம் எந்தப் பக்கம் இருந்துச்சுங்க?" என்று கேட்டார்.

அன்று இரவு கூடாரத்தில் என் தகப்பனார் பேத்தியின் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். அவள் புலிக்கென்று வைத்திருந்த பக்கத்தைத் தாமாகவே கிழித்துக் கொடுத்தாள். பார்வைக் குழாய்க்குள் பென்சில் முனையைக் கொண்டு வந்து, காகிதத்தைக் கண்ணருகே வைத்து, அவர் ஓடையையும் பாறையையும் பலா மரங்களையும் பாலத்தையும் வரைந்தார். வடதிசைக்கு அம்புக்குறி போட்டார். நான்கு இடங்களில் தூரத்தைச் சங்கிலிக் கணக்கில் குறித்தார். முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. குடிசைகள் ஏழா, எட்டா என்பதில் அவருக்குக் கடைசிவரை சந்தேகம். எட்டாவதைப் புள்ளிக் கோடாகப் போட்டார்.

காலையில் ஆவி பறக்கும் தேநீரோடு வந்த இளைஞர் அந்தக் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். பாலம் இருந்த இடத்தைத் தகப்பனார் விரலால் தடவிக் காட்டினார். இளைஞர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக் கொண்டார். பிறகு, அன்று காலைச் சவாரிக்காகக் காத்திருந்த வேறொரு குடும்பத்தை வண்டியில் ஏற்றப் போனார். அந்த வீட்டுப் பையன், "அண்ணா, புலி வருமா?" என்று கேட்பது எங்கள் காதில் விழுந்தது.